அண்ணி தூக்காத நாற்காலி

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் அந்தக் கம்பெனிக்கு ஒரு லாரி, நாலு ஆட்கள், முதலாளியின் தொண்டை ஆகிய மூன்றுதான் மூலதனம். அவர் மாடியிலிருந்து ஒரு அதட்டல் போட்டால் கீழே லாரியில் தூங்கிக்கொண்டிருப்பவன் எழுந்து நிற்பான். பக்கத்து வீட்டுக்காரனும் எழுந்து நிற்பான். முப்பது வருஷம் அப்படியே ஓட்டியவருக்கு, யாருடைய பீரோவையாவது தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். குளியலறையில் கீழே விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தார், நிமிரவில்லை.

டாக்டர் அவரைக் கட்டிலில் கிடத்தி, அசையக்கூடாது என்றார். ஒரே மகன் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். வயலின் பெட்டிக்கு மேல் எடையுள்ள எதையும் வாழ்க்கையில் தூக்கியறியாதவர். ஆகவே, அதுவரை ஆபீசில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருந்த மருமகள் லாரியில் ஏறவேண்டியதாயிற்று. ஆட்கள் அவளை அண்ணி என்று கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயதாவது மூத்த டிரைவருக்கும் அவள் அண்ணிதான்.

அண்ணிக்கு ஒரு குணம் உண்டு. எந்த வேலையையும் அடுத்தவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்கு வராது. வீட்டில் புருஷன் வெங்காயம் நறுக்கினால், பாதி வெங்காயம் முடிவதற்குள் கத்தி அவள் கைக்கு வந்துவிடும். லாரியில் ஏறிய முதல் நாளே அட்டைப்பெட்டிகளைத் தானே சுமந்தாள், கயிற்றைத் தானே கட்டினாள், கட்டியதைத் தானே அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஆட்களுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. அப்புறம் சௌகரியமாக இருந்தது.

ஆட்கள் என்றால் நாலு பேர். கிரேன் என்று ஒருவன். குளிர்சாதனப் பெட்டியை முதுகில் சாய்த்து, இன்னொரு கையில் மிக்ஸியையும் எடுத்துக்கொண்டு படியேறுகிறவன். ஸ்கேல் என்று இன்னொருவன். சட்டைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். சோபாவை அளப்பான், வாசலை அளப்பான், சந்தேகம் வந்தால் வீட்டுக்காரரையும் அளப்பான். பாத்திரம் பண்டங்களைச் சுற்றிக் கட்டுவதற்குப் பொட்டலம் அக்கா. அவர் கட்டிய முட்டை மாடியிலிருந்து விழுந்தாலும் உடையாது, ஆனால் அதை யாராலும் பிரித்துச் சாப்பிட முடியாது. கடைசியாக டிரைவர். "நான் ஓட்டத்தான் வந்தேன், தூக்க வரல" என்பது அவருடைய கொள்கை.

டிரைவருக்கும் ஸ்கேலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன மாதம் ஒரு சந்துக்குள் லாரி போகாது என்று ஸ்கேல் அளந்து சொன்னான். டிரைவர் கேட்காமல் விட்டார். லாரி மாட்டிக்கொண்டது. அதுகூடப் பரவாயில்லை. தெருவே கூடி நிற்கும்போது ஸ்கேல் நாடாவை விரித்துக் காட்டி, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் அக்காதான் தபால்காரி. "அக்கா, அவன்கிட்ட கயித்தைப் பிடிக்கச் சொல்லுங்க" என்பார் டிரைவர், அவன் ஒரு முழம் தள்ளி நிற்கும்போதே. "பிடிச்சிட்டேன்னு சொல்லுங்க அக்கா" என்பான் அவன்.

இந்தப் படையோடுதான் அண்ணி பல் டாக்டரம்மாவின் கிளினிக்கை இடம் மாற்றப் போனாள்.

பழைய கிளினிக் தரைத்தளத்தில், நடைபாதையை ஒட்டி இருந்தது. புதியது நாலைந்து தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. மறுநாள் காலையில் நோயாளிகளை வரச் சொல்லியாகிவிட்டது. மற்றதெல்லாம் கண்ணாடி அலமாரி, மேசை, பெட்டிகள். ஒன்றே ஒன்றுதான் தலைவலி: பல் நாற்காலி. சாய்ந்தால் கட்டில், நிமிர்ந்தால் சிம்மாசனம். அடியில் இரும்புப் பாதம், பக்கத்தில் வாய் கொப்பளிக்கும் பீங்கான் கிண்ணம். விலையைச் சொன்னபோது டாக்டரம்மாவே ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டார்.

"பத்திரம்மா" என்றார். "இது நாற்காலி இல்ல, என் பொண்ணு மாதிரி."

"கவலைப்படாதீங்க டாக்டர். எங்க கிரேன் ஒருத்தன் போதும்."

கிரேன் அதைக் கேட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

காலையிலிருந்தே அவன் சரியில்லை. ஒரு பெட்டியைக் கொண்டுபோனால் அடுத்ததற்குத் திரும்பி வர யுகமாயிற்று. உள்ளே வரவே பயந்தவன்போல் வாசலில் நின்று, "பெட்டியை இங்க கொடுத்திருங்க, நான் ஏத்துறேன்" என்றான். அண்ணி மனதுக்குள் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் வேறு படுக்கையிலிருந்து போன்மேல் போன்.

"ஏத்தியாச்சா?"

"ஏத்திட்டிருக்கோம் மாமா."

"இன்னுமா? நல்லா சத்தம் போடும்மா! சத்தம் போட்டாத்தான் நகருவானுங்க!"

நாற்காலியை வெளியே எடுக்கும்போது ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். அண்ணியும் ஒரு மூலை. நடைபாதையில் இறங்கும் இடத்தில் கிரேன் சட்டென்று ஒரு கையை எடுத்தான். நாற்காலி சாய்ந்தது. டாக்டரம்மா தன் பெண்ணே விழுந்ததுபோல் அலறினார். அண்ணி முட்டுக்கொடுத்துத் தாங்கியதில் தோள்பட்டையில் சுரீரென்றது.

எப்படியோ லாரியில் ஏற்றிக் கட்டிய பிறகு அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்னய்யா ஆச்சு உனக்கு? காலையிலேர்ந்து பார்க்கிறேன், மாப்பிள்ளை மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வர்ற! வேலை செய்ய இஷ்டமில்லன்னா வீட்டிலயே இருந்திருக்கலாமே?"

தெருவில் எல்லோர் காதிலும் விழுந்தது. மாமனாரின் தொண்டை தனக்குள் எப்போது குடிவந்தது என்று அண்ணிக்கே திக்கென்றது. கிரேனின் அவ்வளவு பெரிய உடம்பு, பிழிந்துபோட்ட துணிபோல் சுருங்கி லாரியின் பின்பக்கம் போய் நின்றது. டிரைவர், "அக்கா, வேலை செய்யாதவனுக்கும் அதே சம்பளம்தானான்னு கேளுங்க" என்றார். யாரிடம் கேட்கவேண்டும் என்று அக்காவுக்குப் புரியவில்லை.

லாரி புதுக் கட்டடத்து வாசலில் வந்து நின்றதும் டீ வந்தது. அண்ணி தோளைத் தேய்த்துக்கொண்டே பார்த்தாள். கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அடுத்தவன் டம்ளரைப் பார்க்கிறவன் கிரேன். இன்று டம்ளரை உதட்டருகே கொண்டுபோனான், முகத்தைச் சுளித்தான், அப்படியே சாக்கடையில் ஊற்றினான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இடது கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டான். அந்தக் கன்னம் வலது கன்னத்துக்கு அண்ணன் மாதிரி இருந்தது.

அண்ணி எழுந்து போனாள்.

"வாயைத் திற."

"ஒண்ணுமில்ல அண்ணி."

"திறன்னு சொன்னேன்."

"சின்ன வலிதான் அண்ணி. கிராம்பு வெச்சிருக்கேன்."

"எத்தனை நாளா?"

கிரேன் தரையைப் பார்த்தான். "முதலாளிக்கு இடுப்பு பிடிக்கிறதுக்கு முன்னாடியே."

"அட பாவி! பல் டாக்டர்கிட்டயே வேலைக்கு வந்திருக்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அதான் அண்ணி பிரச்சினையே." அவன் குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "உள்ள போனாலே அந்த மருந்து வாசனை. காலு நடுங்குது. சின்ன வயசுல ஒருத்தர் மரக்கடையில ஆணி பிடுங்குற மாதிரி எனக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார். அதிலேர்ந்து... அவங்ககிட்ட சொல்லிராதீங்க அண்ணி. இவங்ககிட்டயும் சொல்லாதீங்க. கிரேன்னு பேர் வெச்சுக்கிட்டு, பல்லுக்குப் பயப்படுறான்னு சிரிப்பாங்க."

அண்ணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதை விழுங்கினாள். பிறகு வெட்கம் வந்தது. அதை விழுங்க முடியவில்லை. நடைபாதையில் இறங்கும்போது நாற்காலியின் கைப்பிடி அவன் கன்னத்தில் இடித்திருக்கிறது, அதனால்தான் ஒரு கையை எடுத்திருக்கிறான். அந்த வலியிலும் அவன் மற்றொரு கையை விடவில்லை. அவள்தான் நடுத்தெருவில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறாள்.

இவனை இப்போது டாக்டரிடம் விட்டால் நாற்காலியை மாடிக்குத் தூக்க ஆளில்லை. விடாவிட்டால் வலியோடு தூக்குவான், சொன்னால் செய்கிற பிள்ளை. கிளினிக் சாயங்காலத்துக்குள் தயாராகிவிடும். மாமனார் சபாஷ் என்பார். இரண்டையும் யோசித்துக்கொண்டு அவள் நின்றது என்னவோ ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்தான்.

"காலையில திட்டினதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள். "பதிலுக்கு நீ வாயைத் திறக்கணும். டாக்டர் கையில நான் ஆணி புடுங்கி எதையும் பார்க்கல. நான் கூடவே இருப்பேன்."

டாக்டரம்மா அவன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இதை உடனே எடுக்கணும். ஆனா எங்க வெச்சு எடுக்கிறது? பழைய இடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தாச்சு. புது இடத்துல ஒண்ணுமே இல்ல."

எல்லோரும் ஒரே நேரத்தில் லாரியைப் பார்த்தார்கள். திறந்த லாரியின் நடுவே, கயிறுகளால் கட்டப்பட்டு, வெயிலில் பளபளத்துக்கொண்டு சிம்மாசனம் காலியாக இருந்தது.

அடுத்து நடந்ததை அந்தத் தெரு நீண்ட நாள் பேசியது. கிரேன் லாரியில் ஏறி நாற்காலியில் சாய்ந்தான். கருவிப்பெட்டி வேண்டுமென்றார் டாக்டரம்மா. பொட்டலம் அக்கா பெருமையோடு எடுத்து வந்தார். ஒரு போர்வை, அதற்குள் பஞ்சு, அதற்குள் செய்தித்தாள், அதற்குள் இன்னொரு போர்வை, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றிச் சுற்றி டேப். அக்கா பிரித்தார், பிரித்தார், பிரித்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் அக்கா இப்படிக் கட்டியிருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா.

"பத்திரம்னு நீங்கதானே சொன்னீங்க!"

டிரைவர் லாரிக்குக் கீழே நின்று வேடிக்கை பார்த்தார். கிரேனின் முட்டி அடித்துக்கொள்வதில் லாரியே லேசாக ஆடியது. டிரைவர் கேலி செய்யப்போகிறார் என்று அண்ணி முறைத்தாள். அவரோ டயரில் கால்வைத்து மேலே ஏறி, கிரேனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், நான் நாலு பல்லு எடுத்தவன்டா. ஊசி போடும்போது மட்டும்தான் சுருக்குன்னு இருக்கும். அந்த நேரத்துல என் கையை நல்லா அழுத்திக்க."

இந்தப் பெருந்தன்மைக்காக டிரைவர் கொஞ்ச நேரத்தில் வருந்தினார். கிரேன் அழுத்தினான். ஊசி போடப்பட்டவன் சத்தமே போடவில்லை, கத்தியது டிரைவர்தான்.

பல் வந்துவிட்டது. தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் தன் பேரனுக்கும் ஒரு பல் ஆடுகிறது என்று விசாரித்தார். டாக்டரம்மா அவன் வாயில் பஞ்சை வைத்து, "கடிச்சுக்க. பேசக்கூடாது. இன்னிக்குப் பூரா எதையும் தூக்கக்கூடாது" என்றார்.

தூக்கக்கூடாது என்றதும் எல்லோர் முகமும் நாற்காலியின் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து மாமனாரின் போன்.

"எங்கம்மா இருக்கு நாற்காலி?"

"லாரியில மாமா. கிரேனுக்குப் பல் எடுத்தாச்சு."

"என்னது? யாருக்கு என்ன எடுத்தாச்சு? வேலைக்கு அனுப்பினேனா, வைத்தியத்துக்கு அனுப்பினேனா?"

அண்ணி போனைக் கிரேனின் கையில் கொடுத்தாள். "நீ இந்தப் படியில உட்கார்ந்து முதலாளி சொல்றதைக் கேட்டுக்க. இன்னிக்கு உனக்கு இதுதான் வேலை."

கிரேன் பஞ்சைக் கடித்தபடி, "ம்ம்" என்றான். மறுமுனையில் முதலாளி தொடங்கினார். எப்படிக் கயிறு போடவேண்டும், எப்படிப் படி திரும்பவேண்டும், அந்தக் காலத்தில் தான் எப்படி ஒற்றை ஆளாக இரும்புப் பெட்டியை ஏற்றினார். "ம்ம்" என்றான் கிரேன். எதிர்த்துப் பேசாமல் கேட்கும் ஆள் அகப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் முதலாளி அன்று மிகுந்த திருப்தியோடு பேசினார் என்று அவர் மகன் பிற்பாடு சொன்னார்.

புதுக் கட்டடத்தின் படிக்கட்டு ஒரே ஒரு திருப்பத்தோடு மேலே போனது. அண்ணி முந்தானையை இடுப்பில் செருகினாள். அதைப் பார்த்ததும் ஸ்கேல் தொண்டையைக் கனைத்தான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லலாமா? தூக்கவே வேண்டாம். பலகையைப் படிமேல போட்டு, போர்வைமேல நாற்காலியை வெச்சு, மேலேயிருந்து இழுத்துக்கலாம். நான் படியை அளந்துட்டேன். ரொம்ப நாளா மனசுல இருக்கிற யோசனை. முதலாளிகிட்ட சொன்னா, வாயை மூடிட்டுத் தூக்குடாம்பார்."

அண்ணிக்கும் அதுவே வாயில் வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்த கிரேனைப் பார்த்தாள். வந்த வார்த்தை திரும்பிப் போயிற்று.

"சரி. நீயே நடத்து."

"நானா?"

"நீதான். யார் எங்க நிக்கணும்னு சொல்லு. எனக்கும் சேர்த்துச் சொல்லு."

ஸ்கேல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்தான். பொட்டலம் அக்கா, மாடியில் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர்கள் இருவரையும், "தம்பிங்களா, இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிங்க, அப்புறம் உங்க தூரிகையெல்லாம் நான் கழுவித் தர்றேன்" என்று அழைத்து வந்துவிட்டார். ஒரு ஆள் குறைந்தது. ஸ்கேல் டிரைவரைப் பார்த்தான். டிரைவர் வானத்தைப் பார்த்தார்.

"அக்கா," என்று ஆரம்பித்தான் ஸ்கேல்.

"நான் இன்னிக்கு லீவு" என்றார் அக்கா. "நேரா சொல்லிக்க."

ஸ்கேலின் காது சிவந்தது. "அண்ணே... நீங்க மேல நின்னு கயிறு பிடிச்சா நல்லா இருக்கும். பிடி விடாத ஆளு நீங்கதான்." கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கு நான் அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது" என்றும் சொன்னான்.

கிரேன் நசுக்கிய தன் கையை டிரைவர் உதறிப் பார்த்துக்கொண்டார். "இன்னிக்கு மட்டும்தான்" என்று சொல்லி மாடியேறினார்.

"அண்ணி, நீங்க அங்க நில்லுங்க" என்றான் ஸ்கேல்.

"எங்க?"

"எங்கேயாவது. வழியில மட்டும் வேண்டாம்."

அண்ணி மாடியில் ஜன்னலோரமாகப் போய் நின்றாள். நாற்காலி பலகைமேல் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு படிக்கும் அவள் கை தானாக நீண்டது, அவளே அதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். கடைசியில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். திருப்பத்தைத் தாண்டியது. மேல்படி வந்தது. கிளினிக் வாசலில் போய் நின்றது. உள்ளே போகவில்லை.

ஒரு பக்கம் இடித்தது. திருப்பிப் பார்த்தார்கள், மறுபக்கம் இடித்தது. ஸ்கேல் நாடாவை எடுத்து வாசலை அளந்தான், நாற்காலியை அளந்தான், மறுபடி வாசலை அளந்தான். "அளவு சரியாத்தான் இருக்கு" என்றான் பரிதாபமாக. பெயிண்டர்கள் கயிற்றைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். டாக்டரம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணி பார்த்துவிட்டாள். ஸ்கேல் வாசல் நிலையை அளந்திருக்கிறான். திறந்த கதவு அந்த நிலைக்குள் இரண்டு விரல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதை அளக்கவில்லை. கதவைக் கழற்றினால் தீர்ந்தது. நாக்கு நுனியில் வந்துவிட்டது. சொன்னால் நாற்காலி உள்ளே போய்விடும். ஸ்கேல் திரும்பவும் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பழையபடி ஓரமாக நின்றுவிடுவான். நாக்கைக் கடித்தாள். நிஜமாகவே கடித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது.

"நீங்களே சொல்லுங்க அண்ணி" என்றான் ஸ்கேல்.

"முதல்ல நாற்காலி நழுவாம ஒரு கட்டையைக் கொடு. எல்லாரும் கையை ஆத்திக்கட்டும். அவசரமில்ல. அப்புறம் நீயே பாரு." குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. அவசரமில்லை என்று அவள் வாழ்நாளில் சொன்னதே இல்லை.

கட்டை கொடுத்தார்கள். ஸ்கேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைச் சுற்றி வந்தான். பிறகு டிரைவரிடம் போனான்.

"அண்ணே, இத்துனூண்டு இடம் குறையுது. நீங்க அன்னிக்கு அந்தச் சந்துலேர்ந்து லாரியை எப்படி வெளிய எடுத்தீங்க?"

அந்தச் சந்தைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. மாட்டியதை எல்லோரும் பேசினார்கள், மீட்டதை ஒருவரும் பேசவில்லை. டிரைவரின் மீசை கொஞ்சம் விரிந்தது.

"பக்கக் கண்ணாடி ரெண்டையும் கழட்டினேன். நீட்டிக்கிட்டு இருக்கிறதை எடுத்துட்டா வண்டி தானா வரும்."

"நாற்காலியில நீட்டிக்கிட்டு எதுவும் இல்லையேண்ணே."

"நாற்காலியில இல்லடா. கதவைப் பாரு."

இருவரும் ஒன்றாகக் கதவைப் பார்த்தார்கள். ஸ்கேல் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான். "ஸ்க்ரூ டிரைவர்!" என்று கத்தினான். அந்தக் கத்தலில் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த கிரேன் எழுந்து நின்றுவிட்டான். கதவு கழன்று வந்தது. நாற்காலி வாசலைத் தொடாமல் உள்ளே போனது. டாக்டரம்மா ஓடிப்போய் அதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். டிரைவர் கதவைத் தோளில் வைத்துக்கொண்டு, "இதை எங்கடா வைக்கிறது?" என்று ஸ்கேலிடம் நேராகக் கேட்டார். பொட்டலம் அக்கா தனக்கு வேலை போய்விட்டதாகப் புலம்பிக்கொண்டே தூரிகை கழுவப் போனார்.

எல்லாம் கச்சிதமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. கதவைத் திரும்ப மாட்டும்போது ஸ்கேல் தலைகீழாக மாட்டிவிட்டான். கழற்றி மாட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அலமாரிகளை விரட்டி விரட்டி ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு ஜாடி உடைந்தது. ஆனால் அடுத்த வாரம் ஒரு சின்ன வீட்டை மாற்ற வேண்டியிருந்தபோது, அண்ணி ஸ்கேலையே பொறுப்பாக அனுப்பினாள். லாரி நிற்க இடம் பார்க்க அவன் டிரைவரை முன்னால் விட்டான். கிரேன் வீங்காத கன்னத்தோடு இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போனான்.

நாற்காலி ஏறிய அன்று ராத்திரி அண்ணி வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தாள். பாட்டு வாத்தியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வீங்கியிருந்த தோளைப் பார்த்துப் பதறினார்.

"என்னம்மா, அவ்வளவு வேலையா இன்னிக்கு?"

"காலையில கொஞ்சம் தூக்கினேன், அவ்வளவுதான். மத்தியானம் பூரா கையைக் கட்டிக்கிட்டு ஜன்னல்கிட்ட நின்னேன்" என்றாள் அண்ணி. "உடம்பெல்லாம் வலிக்குது. நாக்கு வேற கடிபட்டுக் கிடக்கு."

அவர் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கத் தொடங்கினார். துண்டுகள் கோணல்மாணலாக விழும் சத்தம் கேட்டது. அண்ணி பாதி எழுந்தாள். பிறகு காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.